'தெஹானு' புதினமும் வாசகர் ஏமாற்றமும்: மொழிநடை நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தொடர்வரிசையாக வெளிவரும் புதினங்களில் பின்னர் வந்த நூல், முன்னர் வந்தவற்றின் தரத்தை எட்டவில்லை என்று வாசகர் குறை கூறுவது புதிதன்று. பெரும்பாலான இடங்களில் அக்குறைக்குரிய காரணம் எளிதில் விளங்கும். ஆசிரியரின் கற்பனை வறண்டிருக்கும். அல்லது விற்பனை கருதிக் கதை நீட்டப்பட்டிருக்கும். இவ்விரு காரணங்களுள் எதனாலும் விளக்கவியலாத ஏமாற்றங்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) எழுதிய 'எர்த்சீ' மிகுபுனைவு வரிசையின் நான்காம் நூலான 'தெஹானு' விளைத்த ஏமாற்றம் அத்தகையது.

இவ்வரிசையின் முதல் நூலான 'எர்த்சீயின் மந்திரவாதி' 1968இலும், 'அத்துவானின் கல்லறைகள்' 1971இலும், 'மிகத்தொலைக் கரை' 1972இலும் வெளிவந்தன. மூன்றும் இளையோர்க்கெனப் பதிப்பிக்கப்பட்டவை. மூன்றாம் நூல் 1973இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், 'எர்த்சீயின் இறுதி நூல்' என்னும் துணைத்தலைப்புடன் 'தெஹானு' வந்தது. அதுவும் அவ்வாண்டின் சிறந்த புதினத்திற்கான நெபுலா விருதைப் பெற்றது. எனினும் முதல் மூன்று நூல்களை இளமையில் படித்துப் போற்றியவர்களுள் ஒரு சாரார், தம் அன்புக்குரிய உலகிற்கு இழைக்கப்பட்ட துரோகமாகவே இதனைக் கருதினர்.

இவ்வேமாற்றம் பெரும்பாலும் கதைப்பொருள் பற்றியதாகவே பேசப்பட்டு வந்துள்ளது. அதன் வேர் மொழிநடையிலும் ஊன்றியிருக்கிறது என்பதனை நிறுவுவதும், இந்நூலைத் தமிழில் பெயர்க்க முனைவோர் அவ்வேமாற்றத்தை எவ்வாறு எதிர்கொள்ள நேரும் என்பதனை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. முதல் மூன்று நூல்கள் அளித்த உறுதி

2.1 பெயரும் பொருளும்

எர்த்சீ என்பது பல தீவுகளாலான ஒரு கற்பனை உலகம். அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அப்பெயர்கள் உலகம் ஆக்கப்பட்ட தொன்மொழியைச் சேர்ந்தவை. மெய்ப்பெயரை அறிந்தவன் அப்பொருளை ஆள வல்லவன். ஆகவே மாந்தர் தம் மெய்ப்பெயரை மறைத்து, அன்றாட வாழ்வில் வழக்குப்பெயரால் அறியப்படுகின்றனர். மந்திரக் கல்வி என்பது இங்கே சொற்றொகுதிக் கல்வியே. ரோக் தீவின் மாணவர், பெயர்களைக் கற்பிக்கும் ஆசானிடம் நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்கின்றனர்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மையது என்பது சசூருக்குப் பிந்தைய மொழியியலின் அடிப்படைக் கொள்கை. பெயர் இயற்கையானதா, மரபு வழிப்பட்டதா என்ற வினாவைப் பிளேட்டோவின் 'கிராட்டிலஸ்' உரையாடல் எழுப்பியது. எர்த்சீ உலகில் அவ்விரு நிலைகளும் ஒருங்கே இயங்குகின்றன. அன்றாட மொழியான ஹார்டிக்கில் சொற்கள் மரபு வழிப்பட்டவை. தொன்மொழியிலோ சொல்லே பொருளின் இயல்பு. தொன்மொழிக்கும் சொல்லாக்க விதிகள் உண்டு. 'சுக்' என்பது இறகு. 'இனியென்' என்பது கடல். இரண்டும் கூடிய 'சுக்கியென்' கடலின் இறகாகிய நுரையைக் குறிக்கும்.

லெ குவினின் தந்தை ஆல்பிரட் குரோபர் மானிடவியலறிஞர். தாய் தியோடோரா குரோபர், யாகி இனத்தின் இறுதி மனிதராகக் கருதப்பட்டவரைப் பற்றி 1961இல் ஒரு நூல் வெளியிட்டவர். அம்மனிதர் தம் பெயரை எவரிடமும் கூறவில்லை. 'இஷி' என்று வழங்கப்பட்ட சொல்லுக்கு அவர் மொழியில் 'மனிதன்' என்பதே பொருள். பெயரை மறைப்பதென்பது வெறும் கற்பனை விளையாட்டன்று, வாழ்ந்த மக்களின் வழக்கம் என்பதற்கான சான்று ஆசிரியரின் இல்லத்திலேயே இருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

2.2 கூறுவோனின் குரல்

முதல் நூலின் தொடக்கத்திலேயே கதைத்தலைவன் கெட் பிற்காலத்தில் தலைமை மந்திரவாதியாகவும் நாகங்களுடன் உரையாடுபவனாகவும் விளங்கப்போவது கூறப்பட்டுவிடுகிறது. அவன் செயல்கள் பாடல்களாகப் பாடப்படுகின்றன என்றும், இக்கதை அப்பாடல்கள் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்தைப் பற்றியது என்றும் கூறுவோன் அறிவிக்கிறான். அதாவது, கூறுவோன் நெடுங்காலத்திற்குப் பின்னே நின்று, எல்லாம் நிறைவெய்திய நிலையிலிருந்து பேசுகிறான். வாக்கியங்கள் செறிவானவை, அன்றாடச் செயல்கள் மிகச் சிலவாகவே இடம்பெறுகின்றன, உரையாடல்களில் வீண்சொல் இல்லை. இது காப்பிய நடை. வாசகனுக்கு இந்நடை தரும் உறுதி ஒன்றுண்டு. துன்பங்கள் எவையாயினும் அவை புகழில் முடியும் என்பதே அது.

மூன்றாம் நூலின் இறுதியில், உயிருக்கும் சாவுக்கும் இடையே திறந்துகிடந்த வாயிலை அடைப்பதற்காகத் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்ட கெட், காலெஸ்ஸின் என்னும் நாகத்தின் முதுகிலேறித் தன் பிறந்த தீவாகிய கோண்டுக்குப் போகிறான். அதன்பின் நிகழ்ந்ததாக இரண்டு மரபுகளை அந்நூல் தருகிறது. முடிசூட்டு விழாவிற்கு வந்து, பின் தனியே படகேறி மேற்குக் கடலில் மறைந்தான் என்பது பாடல் மரபு. அரசன் தேடி வந்தபோது அவன் மலைக்காட்டினுள் நடந்து சென்றுவிட்டான் என்பது கோண்டுத் தீவினர் கூறும் மரபு. வாசகர் பலர் முதல் மரபையே நெஞ்சில் ஏற்றனர். நான்காம் நூலோ இரண்டாம் மரபின் பக்கம் நிற்கிறது. ஆகவே 'தெஹானு' முன்னூல்களுக்கு முற்றிலும் முரணானது என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று. அதற்குரிய விதை மூன்றாம் நூலின் கடைசிப் பக்கத்திலேயே இடப்பட்டிருக்கிறது.

3. நான்காம் நூலின் மாற்றம்

'தெஹானு'வின் தலைமை மாந்தர் கெட் அல்லன். இரண்டாம் நூலில் கல்லறைக் கோயிலின் இளம் பூசாரியாக இருந்து, கெட்டினால் தன் பெயரைத் திரும்பப் பெற்ற தெனாரே இந்நூலின் நடுவில் நிற்கிறாள். அவள் இப்போது நடுவயதினள். உழவன் ஒருவனின் கைம்பெண். வளர்ந்த பிள்ளைகளின் தாய். அக்கம்பக்கத்தார் அவளைக் 'கோஹா' என்று அழைக்கின்றனர். கோண்டுப் பேச்சில் அது வலை பின்னும் ஒரு சிறு வெண்சிலந்தியின் பெயர். தன்னைச் சேர்ந்தவர்களாலேயே கொடுமைக்குள்ளாகி, நெருப்பிலிடப்பட்டு, முகத்தின் ஒரு பாதியும் ஒரு கையும் சிதைந்த பெண்குழந்தையைத் தெனார் வளர்க்கத் தொடங்குகிறாள். ஆற்றலிழந்த கெட் அவளிடம் வந்து சேர்கிறான்.

பொருள் மாறியதோடு குரலும் மாறுகிறது. கூறுவோன் இனி நெடுங்காலத்திற்குப் பின்னே நிற்கவில்லை. தெனாரின் அருகில் நிற்கிறான். ஆடு மேய்த்தல், பாலாடைக்கட்டி செய்தல், துணி தைத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவை கதையின் நிகழ்ச்சிகளாகின்றன. கடல் செலவிலிருந்து திரும்பிய மகன், தான் உண்ட தட்டைக் கழுவ மறுப்பது ஒரு முக்கியக் காட்சியாகிறது. முன்னாள் தலைமை மந்திரவாதியோ அதே வேலையை இயல்பாகச் செய்கிறான். கூறுவோனுக்கு இனி முடிவு தெரியாது. ஆகவே வாசகனுக்கும் உறுதி இல்லை.

மொழியைப் பற்றிய நோக்கும் இடம் பெயர்கிறது. முன்னூல்களில் வினா, சரியான சொல்லை அறிந்தவர் யார் என்பது. இந்நூலில் வினா, சொல்லப்பட்ட சொல்லைக் கேட்பவர் யார் என்பது. முதிய மந்திரவாதி ஒகியன் இறக்கும் வேளையில் தன் மெய்ப்பெயரைத் தெனாரிடம் கூறுகிறார். பின்னர் அங்கு வரும் மந்திரவாதிகள் இருவர், அவரை எங்கே அடக்குவது என்று தமக்குள் வழக்காடுகின்றனர்; அருகில் நிற்கும் அவள் சொல்வதைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்த தலைமை மந்திரவாதியைத் தேடும் ரோக் தீவின் ஆசான்களுக்குக் கோண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சுட்டும் குறிப்பு கிடைக்கிறது. அதனை அவர்கள் பலவாறு பொருள்கொள்ள முயல்கின்றனர்; சொற்கள் சொல்வதையே பொருளாகக் கொள்ள மட்டும் அவர்களால் இயலவில்லை.

இன்னொரு காட்சி மொழியியலாளர் தனித்து நோக்கத்தக்கது. ஆஸ்பென் என்னும் மந்திரவாதியின் சாபத்தால் தெனாரின் சிந்தனை குழம்புகிறது. ஹார்டிக் மொழியில் எண்ணினால் எண்ணம் சிதறுகிறது. அவள் தன் பிறப்புமொழியாகிய கார்கிஷ் மொழியில் எண்ணத் தொடங்கியே தன்னை மீட்டுக்கொள்கிறாள். சாபம் அவள் கற்றுக்கொண்ட மொழியைப் பற்றியது. பிறந்த மொழியை அதனால் தொட முடியவில்லை. இருமொழியாளர் மனநிலையை இத்துணை நுட்பமாகக் கதை நிகழ்ச்சியாக்கிய மிகுபுனைவுகள் அரியன.

4. ஏமாற்றத்தின் மூன்று கூறுகள்

4.1 தலைவனின் வீழ்ச்சி

முதலாவது குறை, கெட் சிறுமைப்படுத்தப்பட்டான் என்பது. அவன் அஞ்சுகிறான், அரசனின் தூதரைக் காண நாணி மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான், தெனாரைத் தாக்க வந்தவர்களை எதிர்க்க அவன் கையில் இருப்பது வைக்கோல் வாரும் கவை. இக்குறை நூலின் குற்றமாகாது. ஆற்றலை இழந்தவனுக்கு அவ்விழப்பு வலிக்காமல் இருக்குமாயின் மூன்றாம் நூலில் அவன் செய்த ஈகம் பொருளற்றதாகிவிடும். வாசகர் ஈகத்தைப் பாராட்டினர். அதன் விலையைக் காண விரும்பவில்லை.

4.2 வாதத்தின் மிகுதி

இரண்டாவது குறை, கதை வாதமாகிவிட்டது என்பது. முதல் நூலிலேயே, பெண்களின் மந்திரத்தை வலிமையின்மைக்கும் தீமைக்கும் உவமையாகக் கூறும் வழக்கு கோண்டில் உண்டு என்று ஒரு குறிப்பு வருகிறது. கூறுவோன் அதனை மறுக்காது கடந்து போகிறான். நான்காம் நூல் அக்குறிப்பைக் கேள்விக்குட்படுத்துகிறது. 1992இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிப் பின்னர் நூலான உரையில் லெ குவின், வீரக்கதை மரபு ஆண்களின் மரபாகவே இருந்தது என்பதையும் தாம் அம்மரபினுள் நின்று எழுதியதையும் எடுத்துரைத்தார். உரையாடல்கள் சில இடங்களில் நீள்கின்றன என்பது உண்மை. ஆயின் அவை ஒரே குரலில் அமையவில்லை. ஊர் மந்திரக்காரியாகிய மாஸ், ஆணின் ஆற்றலை ஓட்டினுள் அடங்கிய பருப்பாகவும் பெண்ணின் ஆற்றலை இருளில் ஆழப் பரவிய வேராகவும் விளக்குகிறாள். தெனார் அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பதில்லை. ஆசிரியரின் முடிவாக எதையும் ஒரு மாந்தரின் வாயில் வைத்துவிடவில்லை. எனவே இக்குறை ஓரளவே பொருந்தும்.

4.3 தீயோரும் முடிவும்

மூன்றாவது குறை வலுவானது. முதல் நூலில் கெட்டைத் துரத்திய நிழல் அவனுடையதே. அதற்குத் தன் பெயரையே இட்டு அவன் அதனை ஏற்கிறான். மூன்றாம் நூலின் தீயோன் காப், சாவுக்கஞ்சித் தன்னையே இழந்தவன், இரக்கத்திற்குரியவன். நான்காம் நூலின் ஆஸ்பென்னுக்கும், குழந்தையைத் தேடித் திரியும் ஹேண்டிக்கும் அத்தகைய உள்வாழ்வு இல்லை. அவர்கள் வெறுப்பின் உருக்களாக மட்டுமே நிற்கின்றனர். தீமையை அதன் உள்ளிருந்து அறிந்துகொள்ளப் பழக்கிய ஆசிரியர், இங்கு அதனைப் புறத்தே நிறுத்திவிட்டார்.

முடிவும் விரைவானது. அன்றாட உழைப்பும் பொறுமையுமே உலகைத் தாங்குகின்றன என்று நூல் முழுதும் கூறிவந்த கதை, இறுதிச் சில பக்கங்களில் நாகத்தின் வரவால் தீர்கிறது. தெனாரும் கெட்டும் மலைமுகட்டில் சாவை எதிர்நோக்கி நிற்கையில், எரிந்த குழந்தை காலெஸ்ஸினை அழைக்கிறாள். நாகம் வந்து பகைவரை எரிக்கிறது. அழைத்தவள் அக்குழந்தை என்பது உண்மை. அவள் வாயில் தொன்மொழி தாய்மொழியாக எழுவதும் முன்னரே குறிப்பாக உணர்த்தப்பட்டது. எனினும் ஆற்றலைக் கைவிட்டோரைப் பற்றிய கதை மிகப்பெரிய ஆற்றலால் முடிவதிலுள்ள முரண் தீரவில்லை. இவ்விடத்தில் வாசகரின் ஏமாற்றம் நேரியதே.

2001இல் 'எர்த்சீக் கதைகள்', 'மற்றொரு காற்று' என்னும் இரு நூல்கள் வெளிவந்தன. இறுதி நூல் என்று தாம் இட்ட துணைத்தலைப்பு தவறானது என்று ஆசிரியரே அவற்றுள் முன்னதன் முன்னுரையில் கூறினார். இவ்விரு நூல்களும் 'தெஹானு' எழுப்பிய வினாக்கள் சிலவற்றிற்கு விடை தந்தன. ஆயினும் 1990இல் அதனை இறுதி நூலாகப் படித்தவரின் அனுபவத்தைப் பின்வந்தவற்றைக் கொண்டு இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

5. தமிழாக்க நோக்கு

முற்கூறிய முதற்குறை, அதாவது ஆற்றலிழந்த தலைவன் சிறுமையடைந்தான் என்னும் உணர்வு, தமிழில் பெயர்ப்பவரைத் தனித்ததொரு நெருக்கடிக்கு உள்ளாக்கும். ஆங்கிலம் கூறாது விடக்கூடிய சிலவற்றைத் தமிழ் கூறியே தீரவேண்டியிருப்பதே காரணம்.

5.1 பெயர்கள்

வழக்குப்பெயர்கள் மூலத்தில் பெரும்பாலும் பொருள் விளங்கும் ஆங்கிலச் சொற்களாகவும், மெய்ப்பெயர்கள் பொருள் விளங்காத ஒலித்தொகுதிகளாகவும் உள்ளன. எல்லாப் பெயர்களையும் ஒலிபெயர்த்து எழுதினால் இவ்வேறுபாடு மறையும். தெனாரின் கணவன் பெயர் பிளிண்ட். மகன் பெயர் ஸ்பார்க். முன்னது சிக்கிமுக்கிக்கல், பின்னது தீப்பொறி. தந்தை கல், மகன் அதிற்பிறந்த பொறி என்னும் உறவு ஒலிபெயர்ப்பில் அழிந்துவிடும். நெருப்பில் எரிந்த குழந்தை வந்து சேரும் வீட்டில் இப்பெயர்கள் அமைந்திருப்பது தற்செயலன்று. எனவே 'கல்', 'பொறி' என்றாற்போல் வழக்குப்பெயர்களை மொழிபெயர்ப்பதே தகும். குழந்தைக்குத் தெனார் இடும் 'தெர்ரு' என்னும் பெயரோ கார்கிஷ் சொல், எரிதலைக் குறிப்பது. கதையினுள்ளேயே அயன்மொழிச் சொல்லாக நிற்பதால் அதனை ஒலிபெயர்த்தே எழுதவேண்டும். 'தெஹானு'வும் கார்கிஷ் மொழியில் ஒரு விண்மீனின் பெயர். அதற்கும் அதே நெறி.

தலைவனின் பெயர் வேறொரு இடரைத் தருகிறது. 'கெட்' என்னும் ஒலிவடிவம் தமிழில் 'கெடு' என்னும் வினையடியின் சாயலைத் தவிர்க்க முடியாததாக்குகிறது. 'கெட்டான்' என்னும் வினைமுற்று நிழலாடும். முதல் மூன்று நூல்களில் சிறு இடையூறாக மட்டும் இருக்கும் இச்சாயல், வீழ்ந்த தலைவனைப் பற்றிய நான்காம் நூலில் தேவையற்ற தீர்ப்பாக மாறிவிடும். கூற்றுப் பகுதிகளில் வேற்றுமை உருபேற்ற வடிவங்களைப் பயன்படுத்துதலும், பொருந்துமிடத்து அவன் வழக்குப்பெயராகிய பறவைப் பெயரைத் தமிழாக்கி வழங்குதலும் இவ்விடரைக் குறைக்கும்.

5.2 மந்திரத் தொழிற்பெயர்கள்

ஆண் மந்திரவாதிக்கு ஒரு சொல்லும் பெண்ணுக்கு இழிவு தோய்ந்த பிறிதொரு சொல்லும் வழங்கும் ஆங்கில நிலையைத் தமிழும் அறியும். 'மந்திரவாதி' என்பதற்கு இணையாகச் 'சூனியக்காரி' என்று எழுதினால் மூலத்தில் உள்ளதைக் காட்டிலும் கடுமையான பழி ஏறும். மாஸ் என்பவள் பிள்ளைப்பேறு பார்ப்பவள், பச்சிலை அறிந்தவள், சிறு மந்திரங்கள் செய்பவள். 'மந்திரக்காரி' என்பது போதும். அவளைக் குழந்தைகள் அழைக்கும் உறவுமுறைச் சொல்லை 'அத்தை' என்று பெயர்ப்பதும் நன்றன்று. தமிழில் அது குறிப்பிட்ட குருதியுறவையோ மணவுறவையோ சுட்டும். முதுமையையும் ஊராரின் உரிமையையும் மட்டும் சுட்டும் 'ஆச்சி' போன்ற சொல் பொருந்தும்.

5.3 கூற்றில் மரியாதை விகுதி

இதுவே தலையாய சிக்கல். ஆங்கிலப் படர்க்கைச் சுட்டில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் ஒவ்வொரு முற்றுவினையிலும் கூறுவோன் அதனைத் தெரிவித்தாக வேண்டும். முதல் நூலின் சிறுவனுக்கு 'அவன்' இயல்பானது. மூன்றாம் நூலில் இளவரசன் ஆர்ரெனின் பார்வையில் காணப்படும் தலைமை மந்திரவாதிக்கு 'அவர்' என எழுதவே கை செல்லும். நான்காம் நூலில் அம்மனிதன் ஆற்றலிழந்து வருகிறான். மொழிபெயர்ப்பாளர் 'அவன்' என்னும் வடிவிற்குத் திரும்பினால், ஆற்றலோடு மதிப்பும் போயிற்று என்று தமிழ் இலக்கணமே அறிவித்துவிடும். மூலம் எங்கும் அவ்வாறு கூறவில்லை. ஏமாந்த வாசகரே அவ்வாறு உணர்ந்தனர். 'அவர்' என்பதைத் தொடர்ந்தால் மதிப்பு ஆற்றலைச் சார்ந்ததன்று என்னும் பொருள் கிட்டும். ஆனால் அப்போது தெனாரின் நிலை என்ன? தற்காலத் தமிழ் உரைநடையில் நடுவயது ஆணுக்கு 'அவர்' எனவும் அதே வயதுப் பெண்ணுக்கு 'அவள்' எனவும் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. ஆணும் பெண்ணும் எவ்வாறு மதிக்கப்படுகின்றனர் என்பதையே பொருளாகக் கொண்ட நூலில் அவ்வழக்கத்தைச் சிந்தியாது கைக்கொள்வது, நூலின் வினாவை அதன் ஒவ்வொரு வரியிலும் மறுப்பதாகும்.

இதற்கொரு தீர்வு தமிழ் மரபிலேயே உள்ளது. காப்பியங்களில் அரசரும் வீரரும் 'அன்' விகுதி பெற்றே வருகின்றனர். அங்கு அது இழிவைக் குறிப்பதில்லை. முதல் மூன்று நூல்களின் நடை காப்பியச் சார்புடையதாகலின் 'அவன்', 'அவள்' என்பன அவற்றில் உயர்நடையின் வடிவங்களாகவே நிற்கும். நான்காம் நூலில் அதே வடிவங்கள் வீட்டுப் பேச்சின் அண்மையைத் தரும். விகுதி மாறாது, சூழ்ந்த நடை மாறுவதால் அதன் மதிப்பு மாறும். மூலத்தில் நிகழ்வதும் இதுவே. ஒருவரே இருவேறு நடையில் காணப்படுகின்றனர்.

5.4 உரையாடலில் முன்னிலைச் சுட்டு

இரண்டாம் நூலில் தெனார் கோயில் தலைவி. கெட் அவள் சிறைப்பட்டவன். அங்கு அவள் அவனை 'நீ' என்பதே பொருந்தும். நான்காம் நூலில் அவர்கள் வாழ்க்கைத் துணைவராகின்றனர். கணவனை மனைவி 'நீங்கள்' என்றும் மனைவியைக் கணவன் 'நீ' என்றும் அழைக்கும் தமிழ்க் குடும்ப வழக்கினை இங்குப் புகுத்தினால் உரையாடல் இயல்பாக ஒலிக்கும். ஆனால் இருவரின் உறவு தலைகீழாகும். இயல்பாக ஒலிப்பதே நல்ல மொழிபெயர்ப்பு என்னும் பொதுவிதி இவ்விடத்தில் வழிதவறச் செய்யும். இருவரும் 'நீ' என்றே பேசிக்கொள்வது வேண்டும். ரோக் தீவின் ஆசான் தெனாரை எவ்வாறு அழைக்கிறார், இளம் அரசன் எவ்வாறு அழைக்கிறான் என்பதில் 'நீ', 'நீங்கள்' வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்குத் தமிழ் மூலத்தினும் கூர்மையான கருவியைப் பெற்றிருக்கிறது.

5.5 திணை

நாகங்களை முதல் மூன்று நூல்களில் 'அது' என அஃறிணையில் கூறுவது பொருந்தக்கூடும். நான்காம் நூல், மாந்தரும் நாகங்களும் பண்டு ஓரினமாக இருந்தனர் என்னும் பழங்கதையைத் தெனாரின் வாயிலாகத் தருகிறது. எரிந்த குழந்தை இவ்விரு இயல்பும் உடையவள் என்பது இறுதியில் தெளிவாகிறது. ஆகவே காலெஸ்ஸின் தெஹானுவைப் பெயர் சொல்லி அழைக்கும் காட்சியில் 'அது' என்பது பொருந்தாது. திணை மாறுமிடத்தை எங்கு அமைப்பது என்பது மொழிபெயர்ப்பாளரின் விளக்கவுரையாகவே அமைந்துவிடும். பழங்கதை கூறப்படும் இடத்திலேயே மாற்றத்தைத் தொடங்குவது, இறுதியில் நாகம் திடீரென வருவதாகத் தோன்றும் குறையையும் ஓரளவு தணிக்கும்.

6. முடிவுரை

'தெஹானு' குறையற்ற நூலன்று. தீயோரைப் படைத்த முறையிலும் முடிவின் விரைவிலும் அது முன்னூல்களின் நிலையை எட்டவில்லை. ஆனால் அதன்மீது சுமத்தப்பட்ட பெரும்பழி இக்குறைகளைப் பற்றியதன்று. காப்பிய நடையில் பழகிய வாசகர், அதே மாந்தரை வீட்டு நடையில் கண்டபோது அம்மாந்தர் சிறுத்துவிட்டதாக எண்ணினர். சிறுத்தவர் அவர்கள் அல்லர். அவர்களைப் பெரியோராகக் காட்டிய தொலைவு குறைந்தது.

இவ்வேறுபாட்டைப் பேணுவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. வாசகரின் ஏமாற்றத்திற்கு அஞ்சி நான்காம் நூலின் நடையை உயர்த்தி முன்னூல்களோடு சமன் செய்வது எளிது. தமிழின் இருவழக்குநிலை அதற்கு வேண்டிய கருவிகளைத் தாராளமாக வழங்கும். அவ்வாறு செய்தால் தமிழ் வாசகர் ஏமாறமாட்டார். அவர் படிப்பதோ வேறொரு நூலாகிவிடும். மூலநூலுடன் வழக்காடும் உரிமை தமிழ் வாசகருக்கும் உண்டு. எரிந்த முகமுடைய குழந்தையை ஊரார் பார்க்க மறுத்துத் திரும்பிக்கொள்ளும் காட்சிகள் இந்நூலில் பலவுண்டு. அக்குழந்தையைப் பற்றிய வாக்கியங்களை அழகுபடுத்தாது அவ்வாறே தமிழில் தருவது, வாசகரையும் அம்முகத்தை நேரே நோக்கச் செய்யும்.